மேலிருந்து வருகிற கை

கிட்ட வாங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து ஒக்காருங்க, சுவரோரமா ஒண்டாதீங்க, நடுவுல இவ்வளவு இடம் கெடக்குது. கையை ஆட்டி ஆட்டிப் பேசுறதுதான் எனக்குப் பழக்கம், ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் ரெண்டு கையையும் மடியிலேயே வச்சுக்குவேன். ஏன்னு இப்பக் கேக்காதீங்க, போகப் போக உங்களுக்கே தெரியும்.

கரட்டுப்புதூர்னு ஒரு ஊர். விடிஞ்சதிலிருந்து பொழுது அடையுற வரைக்கும் விசைத்தறி கடகடக்கிற ஊர், அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அங்கே ரகசியங்கூடக் கூப்பாடாத்தான் வரும். ஊருக்கு மேற்கே மரமில்லாத ஒரு மொட்டைக் கரடு, சின்னக் குன்றுதான், கரட்டு மேலே ஒரு மருந்துக் கல்லூரி, கல்லூரிக்குப் பின்னாலே சன்னலுக்கெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டின ஒரு நீளக் கட்டடம். அதுக்குப் பலகையிலே என்னவோ பேர் எழுதியிருந்தது, ஊர்ச்சனம் எலி வீடுங்கிறதைச் சுருக்கி எலியூடுன்னுதான் சொல்லும். அந்த எலியூட்டுல தீனி போட்டு, தண்ணி வச்சு, உமி மாத்தி, கூண்டு கழுவி, கேட்டபோது எலியைப் புடிச்சுக் குடுக்கிற வேலை நாச்சிமுத்துவோடது.

புடிக்கிறதுன்னா அதுக்கு ஒரு முறை இருக்குது. மூடியைத் தூக்கி, கையை மேலேயிருந்து எறக்கி, முன்னங்காலுக்குப் பின்னாடி தோளோட சேர்த்து அள்ளி, வலிக்காம ஆனா அசையவும் விடாம புடிக்கணும். நாச்சிமுத்து கை அதுல தேர்ந்த கை. எலிக்கு மனுசன்னா முழு மனுசன் கிடையாது பாத்துக்கங்க, மேலே வெளிச்சம் தெறந்ததும் அந்த வெளிச்சத்தோட சேர்ந்து எறங்கி வர்ற ஒரு கை, அவ்வளவுதான். கை வரும், அள்ளும், வயித்துல ஊசி குத்தும், திரும்ப உமியிலே விடும். அதனாலே மூடி கிறீச்சிட்டாலே அத்தனை எலியும் மூலைக்கு ஓடி, ஒண்ணு மேலே ஒண்ணு ஏறி, தகரத்துல முதுகை ஒட்டி, மீசை மட்டும் துடிக்க உறைஞ்சு நிக்கும்.

ஊசி போடுறது ஷமீமான்னு ஒரு பொண்ணு. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவ, மெல்லப் பேசுவா, ஒவ்வொரு எலிக்கும் ஊசி போட்டு முடிச்சதும் உதட்டுக்குள்ளே என்னவோ சொல்லிக்குவா. அவ போட்டது சிவப்பு மருந்து. புத்துநோய்க்கு ஏத்துற மருந்துல ஒண்ணு அது, கட்டியைக் கரைக்கும், கரைக்கப் போற வழியிலே ஈரலையும் கொஞ்சம் தின்னுட்டுப் போகும். எவ்வளவு தின்னுது, தின்னாம தடுக்க ஒரு கொடியோட சாறு உதவுமா, இதைப் பாக்கிறதுதான் அவ படிப்பு. பாதிக் கூண்டுக்கு வெறும் மருந்து, பாதிக் கூண்டுக்கு மருந்தோட கொடிச்சாறு.

அதே சிவப்பு, ஊர்க்கோடியிலே ஓட்டு வீட்டுல இருக்கிற நாச்சிமுத்துவோட பொஞ்சாதி மயிலாத்தாளோட நரம்புலயும் ஏறிக்கிட்டிருந்தது. மார்ல கட்டி. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியிலே அறுத்து எடுத்துட்டு, மிச்சம் மீதி முளைக்காம இருக்க மாசாமாசம் ஊசி. அந்தச் சிவப்பை ஆஸ்பத்திரியிலே முதல் தடவை பாத்தபோதே நாச்சிமுத்துவுக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. ஆனா வீட்டுல எலியூட்டைப் பத்திப் பேசலை, எலியூட்டுல வீட்டைப் பத்திப் பேசலை. பொஞ்சாதி எதைக் கேட்டாலும் "ஒண்ணும் ஆகாது மயிலு" அப்படீம்பான். அவ சிரிப்பா. முடியெல்லாம் கொட்டி, புருவம்கூடப் போய், மொழுக்குன்னு இருந்த மொகத்துல அந்தச் சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பா இருக்கும்.

ஒரு செவ்வாக்கிழமை காலையிலே நாச்சிமுத்து வெறும் மருந்து குடுத்த ஒரு கூண்டோட மூடியைத் தூக்கினான். கை உள்ளே போச்சு. ஒரு எலியும் மூலைக்கு ஓடலை. ஒண்ணு பின்னங்காலுல குந்தி மொகம் கழுவிக்கிட்டிருந்தது, கழுவிக்கிட்டே இருந்தது. இன்னொண்ணு தலையைத் தூக்கி, பக்கத்து வீட்டுக்காரன் புதுச்சட்டையைப் பாக்கிற மாதிரி அவன் கையைப் பாத்தது. இன்னொண்ணு அதுவா நடந்து வந்து உள்ளங்கையிலே ஏறி ஒக்காந்தது.

"அண்ணா," அப்படீன்னா ஷமீமா, குரல் இன்னும் மெல்லமா, "இதுங்க பயப்படலை."

"ஆமாங்க மேடம்."

"அசதி இல்லை. நல்லா நடக்குதுங்க. ஆனா பயம் இல்லை."

அன்னைக்கு அந்த எலியிலே ஒண்ணை அறுத்துப் பாத்ததிலே, செவசெவன்னு வழவழன்னு இருக்கவேண்டிய ஈரல் வெளுத்து, மஞ்சப் புள்ளி விழுந்து, தொட்டா உதிர்ற வேகவச்ச சேனைக்கிழங்காட்டம் கெடந்தது.

பயம் எங்கே குடியிருக்குதுன்னு கேட்டா படிச்சவங்க தலையைத் தொட்டுக் காட்டுவாங்க. நம்ம சனத்துக்கு அதுல சந்தேகமே வந்ததில்லை, ஈரக்குலை நடுங்கிப்போச்சுன்னுதான் நாம எப்பவும் சொல்லுறது. குடியிருந்த வீடு இடிஞ்சா குடியிருந்தவங்க என்ன செய்வாங்க, சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு வேற வீடு பாப்பாங்க. எலியோட பயமும் அதைத்தான் செஞ்சது. ஈரல் இடிஞ்சதும் வெளியே வந்து, கரட்டை விட்டு எறங்கி, ஊருக்குள்ளே போயிருச்சு.

முதல்ல மாரியம்மன் கோயில்லதான் தெரிஞ்சது. பூசாரி திருநீத்தை எடுத்து ஒரு பொம்பளை நெத்திக்குக் கையை ஓங்கினார், அவ கும்பிட்ட கையோட வழுக்கிப்போய்த் தூணுல முதுகை ஒட்டிக்கிட்டு நின்னா, கண்ணு மட்டும் பிதுங்கி, மூக்கு நுனி துடிக்க. என்னம்மான்னு பூசாரி கிட்டப் போனார், அவ இன்னும் சுருங்கினா. அடுத்த ஆளுக்கும் அதே. சாயங்காலத்துக்குள்ளே பூசாரிக்கே வந்துருச்சு, தன்னோட கையைத் தானே ஓங்கி நெத்திக்குப் பூசிக்க முடியாம கர்ப்பக்கிரகத்துச் சுவரைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தார்.

வர்றபோது அது ஈரமா, சின்னதா, எலிக்குட்டி அளவுக்கு வரும். வலது விலாவுக்குக் கீழே நொழைஞ்சு சுருண்டு படுத்துக்கும். வந்தவங்களுக்கு ஒடனே தெரியும். "வந்துருச்சா?" "ம், மத்தியானம் சோறு திங்கறபோது வந்துச்சு." மழை வந்ததைப் பேசுற மாதிரி பேசிக்கிட்டாங்க. வந்தப்புறம் தலைக்கு மேலே எது எறங்கினாலும் ஆகாது, நடுத்தெருவு ஆகாது, கண்ணைப் பறிக்கிற வெளிச்சம் ஆகாது, சிவப்பா எதுவும் ஆகாது. இடுப்புக்குக் கீழே, மனுசனுக்கு இல்லாத ஒரு இடத்துல, யாரோ மையாலே கோடு போட்ட மாதிரி ஒரு குறுகுறுப்பு எந்நேரமும் இருந்துக்கிட்டே இருக்கும். எலியூட்டுல எலி வாலுல மைக்கோடு போட்டுத்தான் அடையாளம் வைப்பாங்கன்னு ஊருக்கு எங்கே தெரியும்?

ஊர் அதுக்குத் தக்கன மாறிக்கிச்சு. எல்லாரும் சுவரோரமா நடந்தாங்க, போறவங்க வடக்குச் சுவரு, வர்றவங்க தெற்குச் சுவருன்னு அதுவாவே ஒரு ஒழுங்கு வந்துருச்சு. நடுத்தெருவுல புல்லு முளைச்சது. டவுன்பஸ்ஸுல கண்டக்டர் குந்திக் குந்தி நகர்ந்து கீழேயிருந்து டிக்கெட்டை நீட்டினார். முடிவெட்டுற மருதாசலம் நாற்காலிக்குப் பின்னாலே இடுப்பளவு குழி வெட்டி அதுக்குள்ளே நின்னு கத்திரியை மேலே நீட்டி வெட்டினான், வெட்டின முடியெல்லாம் அவன் வாயிலதான் விழுந்தது. டீக்கடைத் தம்பியண்ணன் டீயை ஆத்துறதையே விட்டுட்டார், டம்ளரைத் தூக்கினாலே கடை காலியாயிடுதேன்னு. ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கையை நீட்டவும் பொண்ணு மணவறைத் தூணுக்குப் பின்னாலே போயிட்டா, கடைசியிலே தாலியை ஒரு தாம்பாளத்துல வளையமா வச்சுத் தாழப் புடிச்சுக்கிட்டாங்க, பொண்ணு குந்தி ஒக்காந்து தானே அதுக்குள்ளே தலையைக் குடுத்தா. அரிசி தூவுறவங்க தரையிலே படுத்துக்கிட்டு மேலே தூவினாங்க. ஊர் எல்லையிலே அருவாளை ஓங்கிக்கிட்டு நிக்கிற முனியப்பன் சிலையோட கைக்குப் பெரிய வேட்டியைச் சுத்தி மறைச்சு, கோவிச்சுக்காதேன்னு தேங்காய் ஒடச்சாங்க, அந்தத் தேங்காயையும் தூக்கி ஒடைக்க முடியாம உருட்டித்தான் ஒடச்சாங்க.

சிரிக்கிறீங்க. சிரிக்கலாம். ஆனா தொட்டில்ல வீறிட்டு அழுற கொழந்தை, பெத்தவ குனிஞ்சு கையை நீட்டினதும் டக்குன்னு அழுகையை நிறுத்தும், அடங்கினதாலே இல்லை, உறைஞ்சதாலே. அந்தக் கண்ணைப் பாத்த தாய்மாருங்க அப்புறம் சிரிக்கலை.

மாலைத் தொழுகை முடிஞ்சு வர்றவங்க ஓதி ஊதட்டும்னு அந்தத் தாய்மாருங்க பள்ளிவாசல் வாசல்ல சுவரோரமாப் புள்ளைகளோட நின்னாங்க. ஊதினாங்க. கொஞ்சம் அடங்கும், வீடு போய்ச் சேர்றதுக்குள்ளே திரும்ப வந்துரும்.

பயம் வராத ஆள் ஊர்ல ஒருத்தன்தான், நாச்சிமுத்து. யாரோட கைக்குப் பயந்து ஓடி வந்துச்சோ அவனுக்குள்ளேயே போய் எப்படிக் குடியிருக்கும்? அவன் பாட்டுக்குத் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு புல்லு முளைச்ச நடுத்தெருவுல நடந்து வேலைக்குப் போய் வந்தான்.

மயிலாத்தாளுக்கு வந்தது ஒண்ணு ரெண்டு இல்லை. மருந்து தின்ன ஈரல் ஆச்சே, சுவர் விரிசல் விட்ட வீடாட்டம், எந்தப் பக்கமும் நொழையலாம். வந்தது எல்லாத்துக்கும் அந்த வீட்டு வாசனை பழக்கமான வாசனை வேற. கூட்டமா வந்து அடைஞ்சுக்கிச்சு. அவ கட்டிலை விட்டுட்டு அடுப்புக்கும் சுவருக்கும் நடுவுல இருந்த சந்துல படுத்துக்கிட்டா.

அடுத்த ஊசிக்கு நாள் வந்தது. "ஈரல் இப்பத்தான் ஒரு நெலைக்கு வந்திருக்குது," அப்படீன்னு டாக்டர் சொல்லியிருந்தார், "இந்த வாரம் ஏத்திரணும். விட்டுட்டா கட்டி மறுபடி முளைக்கும், அப்ப என்ன குடுத்தாலும் கேக்காது." நாச்சிமுத்து கூட்டிக்கிட்டுப் போனான். ஸ்டெல்லா சிஸ்டர் சிவப்பு மருந்தை ஊசிக்குழாயிலே நெரப்பி, "எங்கே, கையைக் காட்டும்மா"ன்னு மேலேயிருந்து குனிஞ்சா. அவ்வளவுதான். மயிலாத்தா கட்டில்ல இல்லை. வராண்டா மூலையிலே, குப்பைக்கூடைக்குப் பின்னாலே, முட்டியை மார்ல ஒட்டி, கண்ணு சிமிட்டாம உறைஞ்சு ஒக்காந்திருந்தா. ரெண்டு பேர் தூக்கப் போனாங்க, அவ கத்தின கத்துல வார்டே எந்திரிச்சு நின்னுது.

"வர்ற வெள்ளிக்கிழமை கூட்டியாங்க," அப்படீன்னா ஸ்டெல்லா, மூச்சு வாங்க. "அழுத்திப் புடிக்க நாலு ஆளோட வாங்க. அதுக்கு மேலே நாள் இல்லை, சொல்லிட்டேன்."

திரும்பி வர்றபோது பஸ்ஸுல ரெண்டு பேரும் கீழே, சீட்டுக்கடியிலே காலை மடக்கி ஒக்காந்திருந்தாங்க.

"ஒண்ணும் ஆகாது மயிலு."

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறன், மறைக்காமச் சொல்லோணும். எலியூட்டுல நீங்க என்ன வேலைங்க பண்றீங்க?"

"தீனி போடறன். கூண்டு கழுவறன்."

"அப்பறம்?"

அவன் சன்னல் பக்கம் பாத்தான். கீழே ஒக்காந்திருக்கிறவனுக்குச் சன்னல்ல வானம் மட்டுந்தான் தெரியும்.

"எனக்குள்ளாற வந்து குந்தியிருக்கறதுகளுக்கு ஒரு கை தெரியுதுங்க," அப்படீன்னா மயிலாத்தா. "கண்ண மூடினாத் தெரியுது. மேலருந்து வருது. கட்டைவெரல்ல நெகம் செத்துக் கறுத்திருக்குது, உங்குளுது மாதிரியே. மொத நாளே எனக்குத் தெரியும். ஊரே உங்க கைக்குப் பயந்துக்கிட்டுச் சுவரொட்டி நடக்குது, இன்னும் ஒருத்தருக்கும் அடையாளந் தெரீல."

"மயிலு..."

"நாலு ஆளு எதுக்குங்க? நீங்க ஒருத்தரு பத்தாதா? எலியப் புடிக்கற மாதிரி என்னையும் ஒரு அள்ளு, அசையாமப் புடிச்சுக் குடுத்துருவீங்க. இப்ப அதத்தான நெனச்சுக்கிட்டு வந்தீங்க?"

அதைத்தான் அவன் நெனச்சுக்கிட்டு வந்தான். எந்த எடத்துல புடிச்சா அவளுக்கு வலிக்காதுங்கிறது வரைக்கும் நெனச்சிருந்தான்.

அதுக்கப்புறம் நாச்சிமுத்து வலது கையைத் துண்டுல சுத்தியே வச்சிருந்தான். ஆனா டீக்கடையிலே டம்ளர் வாங்கற நேரத்துல துண்டு நழுவிப்போச்சு, பக்கத்துல குந்தியிருந்த மருதாசலம் அந்தக் கட்டைவிரலைப் பாத்தான். டம்ளரைக் கீழே வச்சான். சுவரோட சுவரா நகர்ந்து நகர்ந்து கடையை விட்டே போனான். சாயங்காலம் ஊரே நாச்சிமுத்து வீட்டைச் சுத்திச் சுவரோரமா, ஒருத்தர் தோளை ஒருத்தர் ஒட்டி, ஓசையில்லாம நின்னுது. தறிகூட ஓடலை. அந்த ஊர்ல சத்தமில்லாம இருந்தா எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சது.

"கையக் காட்டு நாச்சிமுத்து," அப்படீன்னார் தம்பியண்ணன்.

துண்டை எடுத்தான். கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சை உள்ளே இழுத்துச்சு.

"அதேதான். என்ற பேத்தி கண்ண மூடவே மாட்டேங்கறா, இந்தக் கைதான்."

"வெட்டிப்போடுங்க," அப்படீன்னு பின்னாலேயிருந்து ஒரு குரல், பயந்த குரல். "கையி போனா எல்லாம் போயிரும்."

ஒருத்தன் அருவாளைக் கொண்டாந்தான். நாச்சிமுத்து கையை நீட்டிக்கிட்டு நின்னான், பின்வாங்கலை. அப்பவும் அவனுக்குப் பயம் வரலை. தனக்கு வரலையேங்கிறது அவனுக்கே நல்லா இல்லை. அருவாள்காரன் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கையை ஓங்கினான். ஓங்கின கையைப் பாத்ததும் அத்தனை சனமும் சரிஞ்சு சுவரோட அப்பிக்கிச்சு, ஓங்கினவன் தன் தலைக்கு மேலே தன் கையையே பாத்துட்டு அருவாளைப் போட்டுட்டு முட்டியிலே மொகம் புதைச்சு ஒக்காந்துட்டான். தம்பியண்ணன் அருவாளை எடுத்துக் கீழேயிருந்து மேலே வெட்ட முடியுமான்னு ரெண்டு தடவை ஆட்டிப் பாத்தார், தோள்பட்டை முறுக்கிக்கிட்டுப் போனதுதான் மிச்சம்.

வாசல்ல குந்தியிருந்த மயிலாத்தா அப்பத்தான் வாயைத் தெறந்தா. "ஏனுங்க தம்பியண்ணா, கத்திரிக்கா அரியறீங்களா? வேணும்னா அருவாமணையக் கொண்டாரட்டுங்களா, குந்தி ஒக்காந்து சாவகாசமா அரியலாம்."

யாரோ சிரிச்சுட்டாங்க. தம்பியண்ணனுக்குக் கோவம். "உனக்கென்ன அம்மிணி, சிரிப்பா இருக்குதா? வர்ற சந்தைநாளுக்குள்ளார அந்த எலியூட்டு எலிக அத்தனையும் சாகோணும். இல்லாட்டி நாங்களே கரட்டுல ஏறிக் கொளுத்திப்போடுவம்."

"ஏறுங்க. கரட்டுல சுவரு ஏது? எத ஒட்டிக்கிட்டு ஏறுவீங்க?"

அது அவருக்குத் தோணலை. கூட்டம் வந்த மாதிரியே சுவரோரமா நகர்ந்து போச்சு. ஆனா சிரிச்ச மயிலாத்தா சந்துக்குள்ளே போய்ப் படுத்ததும் ஒடம்பெல்லாம் நடுங்கிக்கிட்டே கெடந்தா. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கிட்டிருந்தது. "நாளைக்கு எலியூட்டுல ஊசி போடறவங்ககிட்டக் கேளுங்க," அப்படீன்னா, "இதெல்லாம் எதுக்குன்னு. கேட்டுட்டு வந்து எங்கிட்ட அப்படியே சொல்லோணும், ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் சொல்லப்படாது."

நாச்சிமுத்து போய் முதல் தடவையா ஷமீமாகிட்ட வீட்டுச் சங்கதியைச் சொன்னான். சிவப்பு மருந்தைச் சொன்னான், வராண்டா மூலையைச் சொன்னான், ஊர் கேட்டதையும் சொன்னான். ஷமீமா விடுதியிலே இருக்கிறவ, அவளுக்கும் வந்திருந்தது, சில நாளாக் கூண்டுக்குள்ளே கையை விட முடியாம அவ சன்னலோரமாத்தான் நின்னுக்கிட்டிருந்தா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. அப்புறம், "கொடிச்சாறு குடுத்த கூண்டைத் தெறங்கண்ணா," அப்படீன்னா.

தெறந்தான். கை எறங்கினதும் உள்ளே இருந்த எலிக அத்தனையும் மூலைக்கு ஓடி, ஒண்ணு மேலே ஒண்ணு ஏறி, முதுகைத் தகரத்துல ஒட்டி, மீசை துடிக்க நின்னுது.

"பயப்படுதுங்க பாருங்க," அப்படீன்னா ஷமீமா. சிரிச்சுக்கிட்டே அழுதா. "அதே மருந்துதான். இதுங்க ஈரல் அவ்வளவா கெடலை. பயம் இன்னும் உள்ளேயே இருக்கு. என்னால சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதுண்ணா, இது எலி, அக்கா மனுசி. இப்ப நிறுத்தினா ஒண்ணுமே தெரியாமப் போயிடும், வீணாப்போன ஈரல் எல்லாம் வீணாவே போயிடும்."

நடுங்குற எலியைப் பாத்து சந்தோசப்பட்டது நாச்சிமுத்துவுக்கு அன்னைக்குத்தான். சந்தோசப்பட்டதுக்காக ஒடனே வெக்கமும் பட்டான். வீட்டுக்கு வந்து ஒண்ணும் விடாம சொன்னான். மயிலாத்தா சந்துக்குள்ளே படுத்தபடியே கேட்டுட்டு, விலாவுக்குக் கீழே தடவிப் பாத்துக்கிட்டா. "அப்ப நான் இத்தன நடுங்கறன்னா எனக்கு இன்னும் ஈரல் இருக்குதுன்னு அர்த்தம்," அப்படீன்னா.

இந்தப் பேச்சு ஊருக்குள்ளே போச்சு. எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க, அந்த ஊர்ல ரகசியம் கூப்பாடாத்தான் வரும்னு சொன்னேனே. ஈரல் நல்லா இருக்கிறவங்களுக்குள்ளேதான் பயம் நிக்கும்னு தெரிஞ்சதும் சனத்துக்கு ஒரு மாதிரி ஆறுதல். வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் பாத்துக்கிட்டா, "பயம் இருக்குதுங்களா?" "நல்லா இருக்குதுங்க, உங்குளுக்கு?" "உங்க புண்ணியத்துல இருக்குதுங்க" அப்படீன்னு விசாரிச்சுக்க ஆரம்பிச்சாங்க. சாராயத்துக்குப் போறவனைப் பொஞ்சாதிமாருங்க காலையிலே தாழ இருந்தே தலைக்கு மேலே ஒரு துண்டை எறிஞ்சு பாத்துட்டுத்தான் சோறு போட்டாங்க, ஒதுங்கினாச் சோறு, ஒதுங்கலைன்னா ஒப்பாரி. சந்தைநாள் வந்தது, போச்சு, எலியைக் கொல்லச் சொல்லி யாரும் கேக்கலை. அந்த ஊர்ல இன்னைக்கும் திருநீறு கீழேயிருந்துதான் வரும், நீங்க போனா கையைத் தாழ வச்சுக்கங்க.

ஆனா அது பின்னாடி நடந்தது. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் மயிலாத்தா புருசனைக் கூப்பிட்டு, "நாலு ஆளு வேண்டாங்க, கயித்துக் கட்டில எடுத்துக்குங்க," அப்படீன்னா. "அதுல கயித்தக் கொஞ்சம் தளத்தி உடுங்க, முழங்கை போற அளவுக்கு."

வெள்ளிக்கிழமை காலையிலே கட்டிலைக் குட்டியானைங்கிற சின்ன லாரியிலே ஏத்திக்கிட்டு பட்டணம் போனாங்க. அதை வார்டுக்குள்ளே கொண்டு வந்து போட்டதும் ஸ்டெல்லா இடுப்புல கையை வச்சுக்கிட்டா.

"இருபது வருஷ சர்வீஸ்ல சொந்தக் கட்டிலோட வந்த பேஷண்ட் நீங்கதாம்மா. இங்கே இருக்கிற கட்டில்ல மூட்டைப்பூச்சியா?"

"மேலருந்து வந்தா ஓடிருவங்க சிஸ்டர். கீழருந்து வாங்க. நான் குப்புறப் படுத்துக் கையத் தொங்கப் போடறன், நீங்க அடியில ஒக்காந்து குத்துங்க. தொங்குற கையில நரம்பும் நல்லாத் தெரியும்."

ஸ்டெல்லா டாக்டரைப் பாத்தா, டாக்டர் கயித்துக் கட்டிலைப் பாத்தார், அப்புறம் வேற நாள் இல்லைங்கிறதை நெனச்சுப் பாத்தார். தலையை ஆட்டினார். ஸ்டெல்லா வெள்ளை உடுப்போட முனகிக்கிட்டே தரையிலே ஒக்காந்து கட்டிலுக்கடியிலே நகர்ந்தா. கை அசையாம இருக்க ஒருத்தர் தாங்கணும். நாச்சிமுத்து துண்டை அவுத்துட்டு மல்லாக்கப் படுத்து உள்ளே போனான், உள்ளங்கையை மேலே விரிச்சு வச்சான். மயிலாத்தா குப்புறப் படுத்து, கயித்து நடுவே இடது கையை எறக்கி அவன் உள்ளங்கையிலே வச்சா. கை ஓடலை, அங்கேயே இருந்தது. கீழேயிருந்து வர்ற கையைப் பத்தி உள்ளே இருந்ததுகளுக்கு ஒண்ணுமே தெரியாது. ஊசி நரம்புல ஏறினதும் சிவப்பு மெல்ல மெல்ல மேலே போச்சு.

பாதி ஏறினதும் மயிலாத்தா கயித்துச் சந்து வழியா அவன் மொகத்தைப் பாத்தா.

"ஏனுங்க. இது ஏறினா என்ற ஈரல் கொஞ்ச நாளைக்கு இடிஞ்சுதான் கெடக்கும். உள்ளாற இருக்கறதுக எல்லாம் வெளிய வரும். எலியோடது போகட்டும், அதுகளுக்கு ஊரு பழகிப்போச்சு. என்ற சொந்தப் பயம் ஒண்ணு இருக்குதுங்க, கட்டி வந்த அன்னைலருந்து நான் ஒருத்தியே வச்சிருக்கறது. அது போயி எந்தப் பச்சப்புள்ள மேலயாச்சும் ஏறீரக் கூடாது."

"எனக்குள்ளாற வராது மயிலு. எல்லாம் என்ற கைக்குப் பயந்து ஓடுனதுகதானே."

"என்னோடது உங்க கைக்குப் பயந்ததில்லீங்க. உங்க பக்கத்துலயே படுத்துக் கெடந்ததுதான். நீங்கதான் கதவத் தெறக்கவே இல்ல."

அவன் வாயைத் தெறந்தான். வழக்கமாச் சொல்ற 'ஒண்ணும் ஆகாது' அன்னைக்கு வரலை.

"கொஞ்ச நாளைக்கு வச்சிருங்க. தேறினதும் நானே கேட்டு வாங்கிக்கறன்," அப்படீன்னா.

மேலேயிருந்து ஒரு கை எறங்கி வர்றதை நாச்சிமுத்து அன்னைக்குத்தான் கீழே கெடந்து பாத்தான். வெளிச்சம் அதுக்குப் பின்னாலே இருந்தது. மயிலாத்தா வலது கையைக் கயித்து வழியா விட்டு, அவன் சட்டையை ஒதுக்கி, வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையைப் பதிய வச்சு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி மெல்லத் தட்டிட்டு, கையை எடுக்காம அங்கேயே வச்சிருந்தா.